நாலாவது இடத்தில் உடைந்த இரண்டு தட்டு

அன்புள்ள கண்ணு,

நவம்பர் பதினான்கு ஞாயிறு, காலை பத்து நாற்பது, உடைந்த தட்டு அறுபத்தொன்பது. இதை முதலில் எழுதிவிட்டேன், காரணம் கீழே. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும்.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, உன் சித்தப்பன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி திரிகிறான். பறக்கும் தட்டைச் சுடும் இரட்டைக்குழல் துப்பாக்கிக் குழுப் போட்டிக்கு நான், அம்மா, சித்தப்பன் என்று மூன்று பேராகத்தான் போனோம். நீ அந்தத் தீவு வானிலை நிலையத்துக்குப் போனதிலிருந்து உன் நாலாவது இடத்துக்கு ஆள் சேர்க்க அம்மா விடவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்கான களிமண் தட்டுகளை வீசித் தவறியதாக எழுதுவார்கள், விதி அப்படி, இருபத்தைந்தும் போச்சு என்று தெரிந்தேதான் நின்றோம். எதிர் அணிக்காரர் ஒருவர் பழையபடி உங்க தங்கச்சி வரலையா என்றார், இருபது வயசில் அப்பனானதற்கு இன்னும் எத்தனை நாள் விளக்கம் கொடுப்பதோ.

குரல் கேட்டால் தட்டை வீசும் பெட்டி ஒவ்வொரு இடத்திலும் உண்டு, நான் மாட்டியதுதான். நீ மற்றவர்கள் மாதிரி கத்தமாட்டாய், மெதுவாக ம் என்பாய், அதற்காக உன் பெட்டியை மட்டும் கூர்மையாக வைத்திருந்தேன். நீ போனதும் மைக் வயரைப் பிடுங்கிவிட்டேன், உன் தட்டுகளை நடுவரின் உதவியாளர் பட்டனை அழுத்தித்தான் விடுவார். பத்து நாற்பதுக்கு, கடைசி ஜோடிக்கு அவர் அழுத்தவில்லை. அவர் கையில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. எங்கள் துப்பாக்கி மூன்றும் மடக்கித் திறந்து தோட்டா இல்லாமல் கையில் கிடந்தன. ஜோடித் தட்டு கிளம்பியது. நீ எப்போதும் தட்டு இறங்கும்வரை காத்திருந்து சுடுவாயே, அதே உயரத்தில் முதல் தட்டு பொடியானது, உடனே அடுத்ததும். வெடிச்சத்தம் இல்லை.

நம்ம பொண்ணு வந்துட்டா போல என்று சித்தப்பன் சிரித்தான், அம்மா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். விரிசல் விட்ட தட்டு, ஸ்பிரிங் இழுவை அதிகம், இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நடுவரிடம் சொன்னேன். உடைந்தால் உடைந்ததுதான் என்று எழுதிவிட்டார். ஒரே தட்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம், யாரும் கை கொடுக்கவில்லை. புல்லில் தேடி ஒரு துண்டை எடுத்தேன், ஓரத்தில் ஈயக்குண்டு பட்ட பள்ளம். என்னிடம் விளக்கம் இல்லை, அதுதான் எரிச்சல். உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால், ஞாயிறு காலையிலிருந்து தீவு ரேடியோ பேசவில்லை, ஆன்டெனா பழுதாக இருக்கும் என்கிறார்கள். இருக்கும் என்றால் என்ன அர்த்தம், போய்ப் பார்த்தார்களா?

பாறை ஓரம் தனியாகப் போகாதே, காதை மூடிக்கொள். என்னைவிட நெடுநாள் இரு, வேறு ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா

இனி செய்யப்போவது:

1. உன் பெட்டியை முழுசாகக் கழற்றிப் பார்ப்பேன்.
2. கோப்பையைத் திருப்பிக் கொடுப்பேன்.
3. பீரோவைத் திறந்து, நீ விட்டுப்போன துப்பாக்கியின் குழலில் வெடிமருந்து வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். சாவி அம்மாவிடம் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.
4. இந்தக் கடிதத்தைப் படகுக்காரரிடம் கொடுக்கமாட்டேன். வியாழக்கிழமைப் படகில் நானே கொண்டுவருவேன். நீ கரையில் நில். ஒரு ம் சொல், போதும்.