கலர் டி.வி. வந்த வீடு

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. மத்தியானம் வந்தது. ஏழரை மணி சீரியலில் அமுதவல்லிக்கு மாமியார் விஷ மாத்திரை கலந்து வைத்த பாலை அவள் மாமனார் எடுத்துக் குடித்துவிட்டார். பிழைப்பாரா மாட்டாரா என்று நாளைக்குத்தான் காட்டுவான். எனக்கு இன்றைக்கே தெரியும். சாகமாட்டார். அவருக்கு எட்டரை மணி சீரியலிலும் வேலை இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

சீரியல் முடியப் போகிறதாம். 22ஆம் தேதி சனிக்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் கடைசிப் பகுதி. ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் எனக்கு ரெண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. அவர் போனார். அவர் காரியம் முடிந்த அன்றைக்குக்கூட ஏழரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். யார் யார் பார்த்தார்கள் என்று நானும் பார்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் மகன் செல்வராஜ் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்திருக்கிறான். என் இடுப்பு உயரம். ரெண்டு மைக். டி.வி.யில் பாட்டின் எழுத்து ஓடும், அதைப் பார்த்துப் பாட வேண்டும். பாட்டு தெரியாதவர்கள் பாடுவதற்கென்றே ஒரு மிஷின்.

மருமகள் பிரபாவதி சொன்னாள்: “அத்த, சனிக்கிழம 22 என் ஆபீஸ்ல இருந்து பன்னெண்டு பேர் வராங்க. மகாபலிபுரம் சுத்திட்டு ஏழு மணிக்கு இங்க டின்னர். நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க.”

“எனக்கு இன்னா உடம்பு சரியில்லையா?”

“இல்ல அத்த, ஒரே சத்தமா இருக்கும்.”

“அன்னிக்கு கடேசி எபிசோடு கீது.”

அவள் செல்வராஜைப் பார்த்தாள். அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான். “எம்மா, மறுநாள் போன்ல போட்டுத் தரேன். பொறுமையா பாரு.”

மறுநாளா? ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மீன்காரி வந்து கூடையை இறக்குவதற்குள் முழுக்கதையையும் இறக்கிவிடுவாள். அப்புறம் போனில் எதைப் பார்ப்பது?

பிப்ரவரி 13, வியாழன்

தெருவை ஒரு சுற்று சுற்றினேன், கால் வலிக்கு நடக்கிற மாதிரி. பதினோரு வீடு. எல்லா வீட்டிலும் டி.வி. இருக்கிறது. பத்தில் கனெக்‌ஷன் இல்லை. எல்லாரும் போனில் ஆளுக்கொரு மூலையில் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் டி.வி.க்குத் துணி போர்த்தி மேலே பொம்மை வைத்திருக்கிறார்கள். இந்தச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பொட்டிக்காக ஜனம் ஜன்னலில் தொங்கிய காலம் உண்டு, அதே தெரு இது.

எங்கள் வீட்டை விட்டால் கேபிள் இருப்பது ஒரே வீட்டில். பக்கத்து வீடு. பேரை எழுத மாட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சரி, எழுதுகிறேன். ஜெய்புன்னிசா.

87ஆம் வருஷம் பொங்கலுக்கு இந்தத் தெருவில் முதல் டி.வி. என் வீட்டில்தான் வந்தது. அவர் அணுமின் நிலையத்தில் ஃபிட்டர், போனஸ் பணத்தில் வாங்கினார். கறுப்பு வெள்ளை, இழுத்து மூடுகிற கதவு வைத்தது. ஞாயிறு சாயங்காலம் படம் என்றால் கூடத்தில் நாற்பது பேர். ஜெய்புன்னிசா கதவோரம், தூணில் சாய்ந்து. யார் எங்கே உட்காருவார்கள் என்று இன்றைக்கும் கோடு போட்டுக் காட்டுவேன். எல்லாருக்கும் வேர்க்கடலை அவித்துத் தட்டில் வைப்பேன். செய்யூர்க் கடலை, கல்லுப்பு. நாலாங்கிளாசோடு நின்றவள் நான், ஆனால் நாற்பது பேரும் நான் “உஸ்” என்றால் வாயை மூடுவார்கள்.

91 ஆகஸ்ட் 18, ஞாயிறு. கடலை அவித்துவிட்டேன். படம் ஆரம்பித்தது. வந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி காது கேட்காதவள். மற்ற எல்லாரும் பக்கத்து வீட்டில். ஜெய்புன்னிசா கலர் டி.வி. வாங்கியிருந்தாள். முந்தின ஞாயிறு வரைக்கும் என் தூணில் சாய்ந்தவள்!

மறுநாள் மதில் மேலே தலையை நீட்டிச் சொன்னாள்: “அக்கா, நீயும் வாயேன். பூவெல்லாம் அப்டியே செவப்பா தெரியுது.”

நீயும்.

அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு. அவள் வீட்டுக்காரர் சௌகத் அலி பாய் தவறியபோது போனேன், பேசவில்லை. இவர் தவறியபோது அவள் வந்தாள், பேசவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றோடு முப்பத்து மூன்று வருஷம் ஆறு மாசம்.

பிப்ரவரி 21, வெள்ளி

போவதில்லை. ஒரு சீரியல் பார்க்காவிட்டால் உயிரா போய்விடும்?

அமுதவல்லியின் மாமியாரை நாளைக்குப் போலீஸ் பிடிக்குமா? பிடிக்காமல் விட்டால் அதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன்.

நேற்று ஏழு மணிக்கே பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். காலணி வாசலை அடைத்துவிட்டது. என்னை நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். “ஆன்ட்டி க்யூட்” என்றான் ஒருத்தன். பிரபாவதி கடையிலிருந்து வரவழைத்த பிரியாணியைத் தன் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேனேஜர் மைக்கைப் பிடித்தார். அவர் எடுத்த எடுப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. மணி ஏழு இருபத்தாறு.

பின்பக்கமாக வெளியே வந்தேன். அவள் வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தாள். முடியெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது.

“தண்ணி வருதா உங்க வூட்ல?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “தண்ணியும் வருது. சீரியலும் வருது. உள்ள வாக்கா, டைட்டில் போட்டுட்டான்.”

நாற்காலி போட்டாள். அவளும் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் டி.வி.யைத்தான் பார்த்தோம். முதல் விளம்பரம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கடைசிப் பகுதி என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். எத்தனை நேரம்தான் சோப்பையே பார்ப்பது?

நான்தான் ஆரம்பித்தேன். “என் ஜனத்த மொத்தமா இஸ்துக்கினு வந்தியே, ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“நானா இஸ்துக்கினு வந்தேன்?” என்றாள். “நாப்பது பேரு! அஞ்சி வருசம், நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். அதுலயும் ஒரு கேள்வி வேற — செல்லம்மா வூட்ல கடல குடுப்பாங்க, இங்க ஒண்ணியும் இல்லியான்னு.”

இது எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. அதற்குள் சீரியல் வந்துவிட்டது. அமுதவல்லி அழுதாள். அடுத்த விளம்பரத்தில் கேட்டேன்: “அவ்ளோ பேஜாருன்னா எதுக்கு வாங்கின?”

ஜெய்புன்னிசா சேலை முந்தானையைத் திருகினாள். “உன் வூட்டுக்காரரு சொல்லித்தான்.”

“யாரு?”

“முனிசாமி அண்ணன்தான். எங்க வூட்டுக்காரரண்ட வந்து குந்திக்கினு அழாத கொற. ‘பாய், நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்தா என் வூட்ல எனக்கு கால் நீட்ட எடமில்ல. நிறுத்துன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. நீ ஒரு கலர் டி.வி. வாங்கிடு, ஜனம் தானா வந்துரும்’னாரு. ரெண்டு பேரும் மெட்ராஸ் போய் வாங்கியாந்தாங்க. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு என் தலயில அடிச்சி சத்தியம் வேற.”

“பொய்.”

“பொய் சொல்லி இப்ப எனக்கு இன்னா வரப்போவுது? மறுநா நானே மதில் மேல நின்னு கூப்டேனே, நீயும் வான்னு.”

அதற்குப்பின் சீரியலில் என்ன நடந்தது என்று பாதிதான் தெரியும். மாமியாரைப் போலீஸ் பிடிக்கவில்லை. ஆறு வருஷமாக விஷம் வைத்தவள் ஒரு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள், எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில்! இதற்கா ஆறு வருஷம்?

வீட்டுக்கு வந்தால் செல்வராஜ் வாசலில் நிற்கிறான். “எங்கம்மா பூட்ட?”

“பக்கத்து வூட்ல தண்ணி வருதான்னு கேக்கப் போனேன்.”

“ரெண்டு மணி நேரமா?”

“மெதுவாத்தான் வந்துச்சி.”

பிப்ரவரி 24, திங்கள்

அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

91 ஆகஸ்ட் 14, புதன். பட்டா வாங்க செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் போகிறேன் என்று காலையில் கிளம்பினார். சாயங்காலம் பட்டா இல்லாமல் வந்தார். “ஆபீசர் லீவு.” கையில் அரைக் கிலோ அல்வா, நாலு முழம் மல்லி. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் கேட்காமல் பூ வாங்கியது அன்றைக்குத்தான். அல்வா டப்பாவில் மெட்ராஸ் கடை பேர் போட்டிருந்தது. நான்தான் அந்த டப்பாவில் அப்புறம் பெருங்காயம் போட்டு வைத்தேன். பேரைத் தினமும் பார்த்தேனே! செங்கல்பட்டு போனவருக்கு மெட்ராஸ் அல்வா எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

பெரிய ஞாபகசக்தி!

என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? அழுவேன்னு பயமா? அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்கு முப்பத்து மூணு வருசம் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட என்னைப் பேசாம வெச்சிட்டியே, மனுஷா!

இன்றைக்கு அவர் போட்டோவுக்குப் பூ கிடையாது. இனி இந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்றும் தெரியவில்லை. அவள்மேல் வைத்துப் பழகிவிட்டது.

ஏழரைக்குப் புது சீரியல். ஷ்யாம் என்று ஒருத்தன், சுஷ்மிதா என்று அவன் பெண்டாட்டி. பார்த்தேன்.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்துவிட்டது. ஜெய்புன்னிசா மதிலருகே வந்தாள்.

“அக்கா, நாளையில இருந்து நோம்பு. முப்பது நாளும் நான் டி.வி. போட மாட்டேன்.”

“அதுக்கு?”

“புது சீரியல் நல்லாக் கீது. நீ பாத்துட்டு மறுநா கத சொல்றியா? சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நோம்புக் கஞ்சி காய்ச்சறப்ப வா. அப்பதான் பசி புடுங்கும், நேரமே போவாது.”

“டி.வி. பாக்கக்கூடாது, கத கேக்கலாமா?”

“பாத்தா பாட்டு, டான்ஸ் எல்லாம் வரும். உன் மூஞ்சியில இன்னா டான்ஸா வரப்போவுது?”

மார்ச் 5, புதன்

மூன்று நாளாகப் போகிறேன். அவள் கஞ்சி கிண்டுகிறாள், நான் சொல்கிறேன். அவள் மருமகள் ஃபைஸா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள். திரும்பும்போது ஒரு தூக்கு கஞ்சி. பிரபாவதி ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு, “அத்த, நாளைக்கும் போவீங்கல்ல?” என்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

இந்த சீரியலில் ஒன்றுமே நடப்பதில்லை. சுஷ்மிதா வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏற ஆரம்பித்தாள், இன்றைக்குத்தான் மாடிக்கு வந்தாள். இதைப் போய் நோன்பு வைத்தவளிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். வழியில் அவளுக்கு ஒரு கடிதம் கிடைத்ததாகச் சொன்னேன். ஃபைஸா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு ஷ்யாம் பெண்டாட்டியின் வீணையை அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறான். கையில் ஸ்வீட் பெட்டி வேறு!

டி.வி.யை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஷ்யாமைக் கொன்றுவிட்டேன். கடலில் படகைக் கவிழ்த்து.

மார்ச் 15, சனி

ஜெய்புன்னிசா நேற்று அழுதாளாம். ஃபைஸா சொன்னாள். கஞ்சியில் ரெண்டு தடவை உப்புப் போட்டாளாம், நோன்போடு ருசி பார்க்கவும் முடியாதே. “நல்ல மனுஷன்க்கா அவன்” என்றாள் ஜெய்புன்னிசா இன்றைக்கும். “வீணய வித்தான்தான். எதுக்கு வித்தானோ, கேக்கறதுக்கு முன்னால பூட்டானே.”

ஏழரைக்கு டி.வி.யில் ஷ்யாம் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான்.

மார்ச் 21, வெள்ளி

ரெண்டு கதையையும் ஓட்டுகிறேன். டி.வி. சுஷ்மிதா கோவிலைச் சுற்றுகிறாள். என் சுஷ்மிதாவுக்குத் தையல் கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன், வியாபாரம் நன்றாகப் போகிறது. ஆனால் கடையைச் சாத்திவிட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஜெய்புன்னிசா கரண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மார்ச் 26, புதன்

திங்கட்கிழமை பெருநாளாம். அன்றைக்கு ராத்திரி ஏழரைக்கு அவள் டி.வி. போடுவாள். செத்தவன் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

பிரபாவதியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உண்மையச் சொல்லிடுங்க அத்த.”

மாட்டேன். பேச ஆரம்பித்தே ஒரு மாசம்தான் ஆகிறது. “நோம்பாளிய ஏமாத்தி அழ வெச்சியா?” என்று அவள் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டால்? இன்னொரு முப்பத்து மூன்று வருஷத்துக்கு என்னிடம் ஆயுசு இல்லை.

மார்ச் 29, சனி

நல்லவேளை, பிணம் கிடைத்ததாக நான் சொல்லவில்லை. இன்றைக்கு அவனை நம்மூர்க் கட்டுமரக்காரர்களை விட்டு எடுத்தேன். பதினைந்து நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான், கண்ணைத் திறந்துவிட்டான் என்று சொன்னேன். ஜெய்புன்னிசா “அல்ஹம்துலில்லாஹ்” என்று ரெண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஃபைஸா கை தட்டினாள்.

“சுஷ்மிதா வந்தாளா? இன்னா சொன்னா?”

“வந்தா. கட்டில் பக்கத்துல குந்தினா. ஏன்யா என்கிட்ட சொல்லல, சொல்லியிருந்தா நானே சரின்னிருப்பேனேன்னு கேட்டா.”

“அவன் இன்னாக்கா சொன்னான்?”

கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் போட்டோவில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

“அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டான்” என்றேன்.