கெடு நாளின் நிறம்

செவ்வாய்க்கிழமை

செஞ்சியில் வழக்கறிஞராக இருக்கும் நடராசனாகிய நான் எனக்காகவே எழுதிக்கொள்வது:

வல்லம் முனுசாமியின் நில மேல்முறையீட்டுக்கு இன்றே கடைசி நாள். நான்கு மணிக்குத்தான் கண்டேன். ஓடிப்போய்த் தாக்கல் செய்தேன்.

குமாஸ்தா ஏழுமலைக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். ஆகவே அலுவலக மென்பொருளில் கெடு நாளை நீலமாக்கச் சொல்லியிருந்தேன். மென்பொருளை எழுதிய தினேஷ் ஒரு திரையில் மட்டும் பழைய சிவப்பை மாற்ற மறந்துவிட்டார். நீலத்தைத் தேடிய ஏழுமலை, முனுசாமியைத் தாண்டிப் போய்விட்டார்.

"நெறத்த நாப்பது எடத்துல எழுதியிருக்குது சார், ஒண்ணு உட்டுப்போச்சு," என்றார் தினேஷ்.

கிரயப் பத்திரத்தில் சொத்தை ஒரே இடத்தில் விவரித்து, பிறகு 'மேற்படி சொத்து' என்கிறோம். அந்த அறிவுகூட இல்லாதவருக்குப் பட்டம் எதற்கு? நிறத்தையும் அப்படியே மேலே ஒரே இடத்தில் எழுதி, அதற்கொரு பெயர் வைத்து, மற்ற எங்கும் அப்பெயரையே அழைக்கச் சொன்னேன்.

ஏழு மணிக்குக் காட்டினார். பெயர் 'சிவப்பு', நிறம் நீலம்.

"இன்னா தம்பி இது?" என்றார் ஏழுமலை.

"முன்ன சிவப்புதானேண்ணே!"

பெயர் நிறத்தையன்று, காரியத்தைச் சொல்ல வேண்டும். விளக்கப் பொறுமையின்றி, விசைப்பலகையை இழுத்து, மேலே இருந்த அப்பெயரை நானே 'கெடுநாள்' என்று திருத்தினேன்.

அதன்பின் மென்பொருள் திறக்கவே இல்லை. நாற்பது இடங்களும் இன்னும் 'சிவப்பை' அழைத்துக்கொண்டிருந்தன.

தினேஷ் சிரிக்கவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

(ஒப்பம்) நடராசன்
நேரில் கண்ட சாட்சிகள்: ஏழுமலை, தினேஷ்