பெட்டிக்கு வந்த தேனீக்கூட்டம்

பள்ளிவாசல் தேயிலைத் தோட்டம்
1925, மாசி மாதம்

சௌபாக்கியவதி மாரித்தாய்க்குச் சங்கையா எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு என் நமஸ்காரம். அவள் கால்வீக்கம் வடிந்ததா, உன் இருமல் நின்றதா என்று எழுது.

ஆடி வெள்ளத்தில் எங்கள் தேன்பெட்டிகள் எல்லாம் ஆற்றோடு போனதை எழுதியிருந்தேன். புதுப் பெட்டி செய்து வைத்தும் தை முடியும் வரை ஒரு தேனீகூட அண்டவில்லை. பங்குனிக்குள் பெட்டி நிறையாவிட்டால் ஊருக்குப் போய்விடு என்று துரை சொல்லிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை, கொழுந்து நிறுக்கிற கொட்டகை உத்தரத்தில் ஒரு தேனீக்கூட்டம் வந்து தொங்கியது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். கொழுந்து கிள்ளும் சாந்தம்மாள் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பெட்டியைக் கீழே ஏந்திப் பிடித்தாள். நான் ஏணியில் ஏறிக் கூட்டத்தைக் கையால் மெல்ல வழித்தேன்.

"அண்ணாச்சி, ஆடாம நில்லுங்க. உங்க கண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கு" என்றாள்.

"இருக்கட்டும் தாயி. ராணி உள்ள போயிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும். நீ பெட்டிய ஆட்டாத."

ராணி உள்ளே போனது. கண்மேல் இருந்தது கொட்டிவிட்டுப் போனது. இரண்டு நாள் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே. பெட்டிக்குள் புது அடை வெள்ளையாக இறங்குகிறது. துரை வந்து பார்த்தார், வேலை நிலைத்தது. ஆகையால் பங்குனி உத்திரத்துக்கு நான் வர முடியாது. கூட்டம் பெருகினால் அடுத்த வருஷம் உன்னையும் அம்மாவையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

முகத்தில் கட்டிக்கொள்ள உன் பழைய நூல்சேலையில் கொஞ்சம் கிழித்து அனுப்பு. கடைத்துணி கட்டினால் கண் தெரியவில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் பாதகமில்லை.

தபால்காரர் கிளம்புகிறார், நிறுத்துகிறேன்.

சங்கையா