உன் துணியில் ஊசி வைத்தது யார், ஜெசிந்தா?

சண்டை போட்டுக்கொள்ளக்கூட ஆள் வைக்காமல் போய்விட்ட என் ஜெசிந்தாவுக்கு,

அடுத்த வாரம் உனக்கு வருஷப் பூசை. ஃபாதர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். உன் மகள் ஷெரின் கொழும்பிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வருகிறாள். எல்லாரும் மெழுகுவர்த்தி கொளுத்தி உன் நல்ல குணத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. கோயிலுக்குள் நின்று கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாயே, நினைவிருக்கிறதா? "பரமு, என் துணியில யாரும் ஊசி வைக்காம பாத்துக்க. தையல் முடியாமக் கெடந்தாலும் பரவாயில்ல, அப்படியே ஷெரின் கையில குடு. நீ பாத்துக்குவ, எனக்குத் தெரியும்." நான் தலையாட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

உன்னைத் தெரியாதவர்களுக்கு அந்தத் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கிராஸ் தையல் போடாத பெண்கள் குறைவு. போடுவது என்னவோ எல்லாரும் ஒன்றைத்தான்: ரோஜாக் கூடை, அன்னங்கள், நல்வரவு. என் வீட்டுச் சுவரிலும் ஒரு ஜோடி அன்னம் மூக்கோடு மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. "இந்தத் தோட்டத்துல நீ எங்கடி அன்னத்தக் கண்ட?" என்று கேட்டுக் கேட்டே என் மானத்தை வாங்கினாய். நீ கண்ணால் கண்டதைத்தான் தைப்பாய். உன் வீட்டுக்காரர் அந்தோனி அண்ணனின் சட்டைப் பையில் அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. ஓட்டைச் சல்லடையின் கம்பி வலையில் அவிசாவளை பஸ், ஃபுட்போர்டில் தொங்கும் கண்டக்டரோடு. ஷெரினுடைய பழைய ஜீன்ஸின் காலோரத்தில் மேலே ஏறிப்போகும் ஓர் அட்டைப்பூச்சி. அதைப் பார்த்து நான் உப்பு எடுக்க ஓடினேன். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய்.

கடைசியாக எடுத்தது பெரிய வேலை. ரப்பர் மரங்கள் இலை பழுத்துக் கொட்டும் காலத்து மலை. சிவப்பும் செம்மஞ்சளும் ஒரே ஊசியில் கோர்த்து நீ போட்ட இலைகளை எட்ட நின்று பார்த்தால் காற்றில் அசைவது போலவே இருக்கும். முன்னால் ஒரு பெரிய மரம், அதன் பட்டையில் சாய்ந்த வெட்டு, கீழே பால் வடியும் சிரட்டை. மரத்தின் பக்கத்தில் நின்று போனில் உன்னையே படம் எடுத்து, அதைப் பார்த்துக் கட்டக் காகிதத்தில் வரைந்தாய். இலையும் மரமும் முடிந்தன. சருகு விழுந்து கிடக்கும் தரையைத் தொடங்குவதற்குள் நோய் உன்னைப் படுக்க வைத்துவிட்டது. தரை வெள்ளையாகவே நின்றுபோனது.

நீ போன பிறகு அந்தோனி அண்ணன் அதை மாதா படத்துக்குக் கீழே ஒரு கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். நான் ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் இல்லையா? அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் துணியைப் பார்ப்பேன், டீயைக் குடிப்பேன், வருவேன்.

கிறிஸ்மஸுக்குச் சற்று முன்பு ஒரு ஞாயிறு, வெள்ளைத் தரையின் ஓரத்தில் சில சருகுகள் கிடந்தன. முன்பே இருந்ததோ என்று என் கண்ணையே சந்தேகப்பட்டேன். அடுத்த வாரம் சருகு கூடியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியது. துணி என்ன, தானாக வளர்வதற்குக் கீரைப் பாத்தியா?

எனக்கு உடனே குசுமா மேல்தான் சந்தேகம் வந்தது. உனக்கு அவளைத் தெரியும், தோட்டத்துக்குக் கீழே சிங்கள ஊரில் இருக்கிறாளே, முன்பு அவிசாவளையில் கார்மென்ட் வேலைக்குப் போனவள், புருஷன் இல்லாதவள். நீ போன நாளிலிருந்து பிஞ்சுப் பலாக்காயில் பொலோஸ் கறி வைத்துக் கொண்டு வந்து கொடுக்கிறாள். துக்க வீட்டுக்குக் கறி கொடுப்பது சரி. அதற்காக வருஷம் முழுக்கவா? ஒரு நாள் நான் வாசலில் ஏறும்போது உள்ளேயிருந்து, "வாடிவென்ன நங்கி" என்று சிரித்தாள். உட்காரு தங்கச்சி என்கிறாள்! உன் வீட்டில், எனக்கு!

லயத்து வீடுகளில் சும்மா இருப்பார்களா? "ஷெரினுக்குச் சின்னம்மா வரப்போறா போல" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் நானும் நம்பினேன். உன் இடத்துக்கு வருகிறவள் முதலில் உன் ஊசியை எடுத்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

பொங்கல் கழிந்து போனபோது கண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மரத்தில் நீ போட்டிருந்த வெட்டைக் காணோம். உன் கையால் போட்ட தையலை யாரோ பிரித்து எடுத்திருந்தார்கள். ஊசி போய் வந்த துளைகள் மட்டும் துணியில் தெரிந்தன. அந்த இடத்தில் வேறொரு வெட்டு, எதிர்ப்பக்கம் சாய்ந்து, பாதி போட்டபடி நின்றது. அண்ணன் டீ ஊற்றப் போன சமயத்தில் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். உன் பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே இருக்கும். புதிதாகப் போட்ட இடத்தில் முடிச்சு மேல் முடிச்சு, கோழி கிளறிய குப்பை. மேல் நூல்களும் தப்பு. கிராஸ் தையலில் மேலே வரும் நூல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று என்னை எத்தனை தரம் பிரிக்க வைத்திருப்பாய்? உன்னுடையது எல்லாம் இடது கீழிருந்து வலது மேலே போகும். இது அத்தனையும் இடது மேலிருந்து வலது கீழே இறங்கியது.

குசுமாவைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி பார்த்தேன். ஒரு துண்டுத் துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். "எனக்கு இந்தப் பூ வரமாட்டேங்குது குசுமா அக்கா, கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்றேன், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. சந்தோஷமாக வாங்கிப் போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகப் போட்டாள். மேல் நூல் எல்லாம் உன்னுடையதைப் போலவே ஏறிப் போனது. பின்பக்கம் ஒரு முடிச்சுக் கிடையாது. நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவள் இல்லையென்றால் யார்? அந்த வீட்டுக்குள் வேறு யார் வருகிறார்கள்? என் சந்தேகம் குறையவில்லை, அதற்குப் போக ஒரு இடம்தான் இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியெல்லாம் ரப்பர் மரம்தானே. பிறந்ததிலிருந்து பார்க்கும் மரங்கள். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்கியிருந்தது. ஒரு மரம்கூட மாறவில்லை. நீ துணியில் போட்ட வெட்டுத்தான் மாறி இருந்தது. பால் வெட்டும் கை தவிர வேறு எந்தக் கைக்கு அது உறுத்தியிருக்கும்? ஊசியைக் கூடக் கத்தி இறங்குகிற பக்கமே இறக்குகிற கை வேறு யாருக்கு இருக்கிறது?

நம்பவே முடியவில்லை. அந்த மனிதர் சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு போகிறவர்.

போன வாரம் விடியும்போதே மழை. மழையென்றால் பால் வெட்டு இல்லை, அவர் வீட்டில்தான் இருப்பார். காம்பராவில் மற்றவளிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, குடையோடு உன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் கொடுக்காமல் கதவைத் தள்ளினேன். ஜன்னலோரம் அந்தோனி அண்ணன் மூக்கு நுனியில் கண்ணாடியோடு உன் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாக்கு நுனி வெளியே தெரிந்தது. எதிரே குசுமா ஊசிகளில் நூல் கோர்த்துக் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அனே நங்கி," என்று அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அய்யாக்குக் கண் தெரியாது. ஊசி ஓட்டை பேனவா இல்லை, தெரியிறது இல்லை. நான் நூல் போட்டுக் குடுக்கிறது, போறது. அவ்வளவுதான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, அவ போட்ட தையல ஏன் பிரிச்சீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உக்காருங்க தங்கச்சி. அவதான் பிரிக்கச் சொன்னா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. போன்ல தன் மூஞ்சப் பாத்துக்கிட்டே எடுத்த படம் அது. எடதும் வலதும் மாறிப் போச்சு. நான் அத முந்தியே சொல்லிச் சிரிச்சேன். அப்படி வெட்டுனா கங்காணி என்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாருன்னேன். அவளுக்குக் கோவம் வந்து ரெண்டு நாள் பேசல. கடைசியில அவளே கூப்புட்டு, 'சிரிச்சீங்கள்ல, நீங்களே பிரிச்சுச் சரியாப் போடுங்க, தரையையும் முடிச்சு ஷெரினுக்குக் குடுங்க'ன்னா. 'பரமுகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவ ஊசியப் புடுங்கிருவா'ன்னா."

இறந்தவள் சொன்னாள் என்று யாரும் எதையும் சொல்லலாம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லுகிற முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் 'ஊசியப் புடுங்கிருவா' என்ற பேச்சு அவருடையது இல்லை, உன்னுடையது. அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் என்னிடம் ஏன் வேறு விதமாகச் சொன்னாய்? எனக்குக் கோபம் வந்தது ஜெசிந்தா. அழுகையும் வந்தது, குசுமா இருந்ததால் அடக்கிக்கொண்டேன். துணியைக் காவல் காக்க நான் வேண்டும், முடிக்க மட்டும் நான் வேண்டாமா? அன்னம் தைக்கிறவள் கை உன் வேலையில் படக்கூடாது என்று நினைத்தாயோ? இத்தனை நாளாக அடுத்தவர்களைச் சந்தேகப்பட்ட நான், அன்று வீட்டுக்கு நடந்த வழி முழுக்க உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். மழை நாளில் அந்தோனி அண்ணன் முன்பெல்லாம் எங்கே போய் விழுந்து கிடப்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓடைக்கரையில் கசிப்புச் சாராயம் விற்கிற இடத்துக்கு இந்த வருஷம் அவர் ஒரு நாளும் போகவில்லை. போயிருந்தால் லயம் சொல்லியிருக்கும். முதலில் ஊசி பிடிக்கப் பழகிக்கொண்டும், பிறகு சருகு போட்டுக்கொண்டும் வீட்டில் இருந்திருக்கிறார்.

நான் மட்டும் என்ன? "அவரை அப்பப்ப எட்டிப் பாத்துக்க" என்று நீ கேட்டிருந்தால் ஒரு மாதம் போயிருப்பேன். அப்புறம் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று நின்றிருப்பேன். பேசாத மனிதர் முன்னால் உட்கார்ந்து எத்தனை டீயைத்தான் குடிப்பது? ஆனால் உன் துணியில் எவளோ கை வைக்கப் போகிறாள் என்றதும் காய்ச்சலிலும் போனேன், மண் சரிந்து வழி அடைபட்ட வாரத்தில்கூடச் சுற்றி நடந்து போனேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

என் சந்தேக புத்தியை நம்பித்தான் அப்படிச் சொன்னாயா ஜெசிந்தா? அவர் கையில் ஊசியையும் என் கையில் காவலையும் கொடுத்து, இரண்டு பேரையும் அந்த வீட்டில் பிடித்து வைத்தாயா? இல்லை, மருந்து மயக்கத்தில் ஆளுக்கு ஒன்றாக உளறினாயா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டபோது உன் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று இருந்தது. வலி என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம்.

தரை முடியப் போகிறது. மேலே உன் சாய்வு, கீழே அவர் சாய்வு. ஷெரினுக்கு ஒன்றும் சொல்லாமல் கொடுக்கப் போகிறோம், அவள் கண்டுபிடிக்கட்டும். அவள் கொண்டுபோன பிறகு அந்தக் கொடி வெறுமையாகத் தொங்குமே என்று எனக்குத்தான் பயம். அவிசாவளைக்குப் போய் ஒரு புதுக் கட்டத் துணி வாங்கி வந்திருக்கிறேன். பூசை முடிந்த மறுநாள் அவர் கையில் கொடுப்பேன். அன்னம் போடச் சொல்லமாட்டேன், பயப்படாதே. குசுமா நூல் கோர்க்க வருவாள், நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் அந்தப் பொலோஸ் கறியை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன். ஒரு ஞாயிறும் தவறமாட்டேன். நீ என்னை ஏமாற்றித்தான் அங்கே அனுப்பினாய் என்றாலும், போவேன்.

உன் வீட்டுக்காரர் தங்கச்சி என்று கூப்பிடுவதால்
முறைப்படி உன் நாத்தனார்,
பரமேஸ்வரி