மேலே படுத்த ஓணான்

அன்புள்ள அம்மா, அப்பா,

நலம்தானே? நான் நலம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

விடுதியில் வளர்க்கத் தாடி ஓணான் குஞ்சுகள் இரண்டு வந்து ஒன்பது நாளாகிறது. தீனி என் பொறுப்பு. பெரியது சிள்வண்டுகளை விரட்டித் தின்கிறது. சின்னது நேற்றுவரை நான்கு நாளாக வாயே திறக்கவில்லை. தொட்டியின் சூட்டு விளக்கடியில் பெரியது எப்போதும் அதன் மேலேயே படுத்திருக்கும்.

“எப்படிக் கட்டிப்பிடிச்சுத் தூங்குதுங்க பாருடி!” என்றாள் அறைத்தோழி கோரின். நானும் அப்படித்தான் நம்பினேன். நேற்று நூலகப் புத்தகத்தில் படித்தேன்: அது பாசமில்லை, அதிகாரம். மேலே இருப்பது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சூடில்லாமல் கீழே இருப்பதற்குச் செரிக்காது.

உடனே பழைய மீன்தொட்டியை இழுத்துவந்தேன்.

“பிரிக்காதடி, ஏங்கிப்போயிடும்.”

“ஏங்கினா ஏங்கட்டும். செத்துட்டா என்னடி பண்ணுவ?” என்று சின்னதைத் தூக்கி அதில் விட்டேன்.

முதலில் அது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் சன்னலைப் பார்த்தேன். இன்று மாலை மூன்று சிள்வண்டுகளைத் தின்றது!

என் மேசை விளக்கில் சூட்டு பல்பு மாட்டி அதற்குக் கொடுத்துவிட்டேன். வேறொரு விளக்கு அனுப்புங்கள். அம்மாவின் தலையணை உறை ஒன்றும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

எட்டு மணியானால் அவற்றுக்கு இருட்டு வேண்டும். இரண்டு தொட்டிகளின் விளக்குகளையும் அணைத்துவிட்டேன்.

உங்கள் ஆனிகா
டுலூத்