தெற்கு வாயை மூடியவர்

அனுப்புநர்:
தூபா, க/பெ. கியூமர்ஸ்,
பழைய பனிக்கிடங்குத் தெரு, ரீக்ஜார்.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், ரீக்ஜார்.

பொருள்: எங்கள் காற்றுக்கோபுரத்தின் தென்சுவரை உடைத்து, அதற்குப் பின்னால் இருப்பவரை இறக்கித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோடைக்குக் குளிர்சாதனமே வேண்டாம் என்று முடிவு செய்துதான் நானும் என் கணவரும் வீடு கட்டினோம். இரண்டு முழ அகல மண்சுவர், குவிந்த கூரை, நிலவறையில் ஒரு தொட்டி, அதற்கு நேர்மேலே, கூரைக்கு மேல் வீசும் காற்றை வாங்கிக் கீழே இறக்கும் காற்றுக்கோபுரம்.

2. இவ்வூர்க் கோபுரங்கள் எல்லாம் வடக்கே வாய் திறந்து, தெற்கே இருக்கும் பாலைவனத்துக்கு முதுகு காட்டி நிற்பவை. என் கணவர் ராஷ்த்காரர், மழையில் வளர்ந்தவர். "ரெண்டு பக்கமும் திறந்தா ரெண்டு பங்கு காத்து வருமே, இதுக்குப் போய் ஊரே பயப்படுது!" என்று கேலி செய்துவிட்டுத் தெற்கிலும் ஒரு வாய் திறந்தார். நான் எவ்வளவோ சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. அனலும் புழுதியும் வரும் என்று நினைத்தேன். வந்தது குளிர். நிலவறையில் உறை ஊற்றி வைத்த பால் தயிராகவில்லை. தர்ப்பூசணி பல்லைக் கூச வைத்தது. மின்மீட்டரே ஓடாததால் திருட்டு இணைப்போ என்று சோதிக்க வந்த மின்வாரிய அலுவலர், நடுங்கிப்போய் என் கணவரின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கோட்டு இன்னும் திரும்பவில்லை. அது தனிப் புகார். காற்றே அசையாத நாளிலும் குளிர் இறங்கியது.

4. அவரும் பயந்துபோய், ஒரு நண்பகலில் தெற்கு வாயை அடைக்கக் கோபுரத்துக்குள் ஏணி வைத்து ஏறினார். நான் கீழிருந்து கயிறு கட்டிய வாளியில் கல்லும் சாந்தும் அனுப்பினேன். வாளி காலியாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் மட்டும் இறங்கவில்லை. ஏறிப் பார்த்தேன், சுவர் முடிந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. கூரைக்குப் போய்ப் பார்த்தேன். சாந்து வெளிப்புறம் நின்று பூசப்பட்டிருந்தது. அங்கே கால் வைக்க ஒரு கட்டைகூடக் கிடையாது. அவருடைய செருப்பு ஏணியடியில் கிடக்கிறது.

5. காவல் நிலையத்தில், "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாரும்மா" என்றார்கள். ராஷ்த்துக்கு வெறுங்காலோடு யார் போவார்? தங்கள் அலுவலரோ, தென்புறம் விதிப்படி மூடப்பட்டுள்ளது, குறை ஏதுமில்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டார். ஐயா, விதிப்படி இருப்பதுதான் என் குறை.

6. தினமும் நண்பகலில் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கிறது. இன்னும் கல் அனுப்பு என்கிறார். அனுப்புகிறேன். வாளி காலியாக வருகிறது. சுவர்தான் முடிந்துவிட்டதே, கல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

7. சுவர் எழுந்த நாளிலிருந்து வீடு அடுப்பாகக் கொதிக்கிறது. நேற்று அவர் கல் கேட்கவில்லை. "ஏன் தூபா கீழ கிடந்து வேகுற? மேல வந்துடு. இங்க வெயிலே கிடையாது" என்றார். குரல் அவருடையதுதான். எனக்கு அவர் வேண்டும், ஐயா.

ஆகவே, வரும் வியாழன் நண்பகலில், அவர் குரல் கேட்கும் வேளையிலேயே ஆட்களை அனுப்பி அச்சுவரை உடைத்துத் தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எவரும் வராவிடில், நான் ஏறுவதில் தங்கள் அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வேன். ஏணியை இன்னும் எடுக்கவில்லை.

இடம்: ரீக்ஜார்
நாள்: மொர்தாத் மாதம், முதல் திங்கட்கிழமை

தங்கள் ஆட்களை எதிர்பார்த்திருக்கும்,
தூபா
(கையொப்பம்)