மொட்டைமாடியில் ஓர் எட்டு

3 பிப்ரவரி 2003, திங்கள்

உள்ளங்கால் இன்றும் எரிந்தது. மிளகாய்த் தூளில் நின்றதுபோல. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொக்கம்மாள் பார்த்துவிட்டு, "மாத்திரைய முழுங்குனா இந்த ரோதனை இல்ல. பொஞ்சாதி பேச்ச நீ எந்தக் காலத்துல கேட்டே?" என்றாள்.

சர்க்கரையால் வருகிற எரிச்சலாம். போன வாரம் டாக்டர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. காலைத் தொட்டாரா? அதுவும் இல்லை. "ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும்." அவ்வளவுதான் வைத்தியம்.

லியோனார்டும் ஆயுசு முழுக்கத்தான் சாப்பிட்டான். துறைமுகத்தில் என்னோடு சரக்கு தூக்கும் வின்ச்சில் வேலை பார்த்தவன். முதலில் மாத்திரை, பிறகு ஊசி, கடைசியில் முட்டிக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ராயபுரத்தில் அவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்த மருந்துதான் அவன் காலைத் தின்றது. வேறு எது?

நான் போகும்போது இரண்டு காலோடு போவேன். மாத்திரை கிடையாது. முடிவு செய்தாகிவிட்டது.

6 பிப்ரவரி

வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலியின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி. எல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு கேட்டு வாங்கியவை.

பொட்டலம் மடித்துக்கொண்டே பாய் சொல்கிறார்: "டாக்டர்கிட்ட காட்டிக்கினே இதையும் சாப்டு அண்ணே."

கடைக்காரர் கடையைப் பார்க்க வேண்டியதுதானே?

9 பிப்ரவரி, ஞாயிறு

மாதவரத்திலிருந்து மகள் வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் செருப்பு. கறுப்பு, மெத்தென்று, பின்னால் வார் வைத்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போவது மாதிரி.

"நைனா, சுகர் கீறவங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது."

இரும்புத் தாது மலைபோலக் குவிந்து கிடக்கும். அதன்மேல் வெறுங்காலோடு ஏறி இறங்கிய கால் இது. துறைமுகத்தில் கொடுத்த பூட்ஸையே நான் போட்டதில்லை. அதைச் சொன்னேன்.

"அதுக்கு இப்ப யாரும் மெடல் குத்தமாட்டாங்க நைனா" என்றாள்.

பேச்சைப் பார். பள்ளிக்கூடம் போகாமல், யூனியன் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ரமாபாய் என்று பெயர் வைத்து, இவளை டீச்சருக்குப் படிக்கவைத்தேன். இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாள். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். அங்கேயே கிடக்கட்டும்.

19 பிப்ரவரி

பத்திரிகையில் எட்டு நடை பற்றிப் போட்டிருந்தார்கள். தரையில் பெரிய எட்டு வரைந்து, தினமும் காலையில் அதன்மேல் நடந்தால் சர்க்கரை இறங்குமாம். கூழாங்கல் பரப்பி நடந்தால் உள்ளங்காலில் ரத்தம் ஓடும் என்று வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தேன். நம் பிளாக்கின் மொட்டைமாடியில் சுண்ணாம்பால் எட்டு போட்டு, கூழாங்கல்லுக்கு நான் எங்கே போவேன், கீழே கிடந்த பொடி ஜல்லியை அள்ளிவந்து கொட்டினேன்.

இரண்டாம் மாடி பட்டம்மாள் துணி வாளியோடு ஏறி வந்தாள். "இன்னா பெர்சு, கார் லைசன்ஸ் எடுக்கப் போறியா? எட்டு போட்டு வச்சிக்கிற. என் துணிய எங்க காயப் போடறது?"

"எட்டுக்கு வெளியே போடு."

"எட்டுல ரெண்டு ஓட்டை கீதே, அதுக்குள்ள போட்டுக்கவா?"

மாடியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நல்லதைச் சொன்னால் இந்த பிளாக்கில் யார் கேட்டார்கள்?

11 மார்ச்

ரத்தம் பார்த்தேன். சர்க்கரை குறைந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும், ஆனால் குறைந்திருக்கிறது. மாத்திரை இல்லாமல். காகிதத்தைச் சொக்கம்மாள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாவக்கா சாறு குடிச்சி குடிச்சி மூஞ்சியும் அப்படியே ஆயிடிச்சி" என்றாள்.

14 ஏப்ரல்

பாபாசாகேப் பிறந்தநாள் ஊர்வலம். வியாசர்பாடி முழுக்க நீலக் கொடி. கடைசிவரை நடந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது — கால் எரியவே இல்லை.

15 ஏப்ரல்

இன்றும் இல்லை.

22 ஏப்ரல்

ஒரு வாரமாக எரிச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. ரமாபாய்க்கு போன் போட்டுச் சொன்னேன். "டாக்டர்ட்ட கேட்டியா நைனா?" என்றாள். எரியும்போதும் டாக்டர், எரியாதபோதும் டாக்டர். இவர்களுக்கு என்னதான் வேண்டும்?

8 மே

டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் ஓடி வந்து, "பெரியவரே, உங்க செருப்பு அங்கியே கீது" என்றார். பார்த்தால், ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொன்று பஸ் நின்ற இடத்திலேயே கழன்று கிடக்கிறது. இந்தக் காலத்து ரப்பர் செருப்பின் லட்சணம் அப்படி. காலில் நிற்பதில்லை. கழன்றால் தெரிவதுமில்லை.

தூக்கிப் போட்டுவிட்டேன். இனி வெறுங்கால்தான்.

31 மே, சனி

இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. தண்ணீர் லாரியும் வரவில்லை. மாடித் தொட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, உச்சி வெயிலில் நானும் மூன்றாம் மாடி பாஸ்கரும் ஏறினோம். முன்னே கண்டக்டராக இருந்தவன். வாய் நிற்காது. அவன் செருப்பைப் படியில் விட்டுவிட்டு வந்தான். தளத்தில் கால் வைத்தானோ இல்லையோ, "ஐயோ அம்மா" என்று குதித்துப் படிக்கே ஓடிவிட்டான்.

நான் நின்றேன். சும்மா நின்றேன்.

"அண்ணாத்தே, இன்னா மாயம் இது? சுடலையா?"

"உடம்ப வச்சிக்கிற விதத்துல வச்சிக்கணும்டா."

"எங்க, உன் எட்டுல ஒரு ரவுண்டு வா பாக்கலாம்."

வந்தேன். ஒன்றல்ல, அவன் போதும் போதும் என்று கும்பிடும்வரை நடந்தேன். படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டம்மாளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "தீ மிதிக்கறவங்களுக்குக்கூட ஆத்தா துணை கீறா. உனக்கு யாரு பெர்சு?" என்றாள்.

"ஆத்தாவும் இல்ல பூதமும் இல்ல. ஆவாரம்பூ" என்றேன்.

மூன்று மாதம் சிரித்தார்களே. இன்று ஒருவனும் சிரிக்கவில்லை.

1 ஜூன், ஞாயிறு

சொக்கம்மாள்தான் பார்த்தாள். நான் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னாய்யா இது, இன்னா இது கால்ல" என்று கத்தினாள்.

இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். இடது காலில் கொப்புளம் உடைந்து, தோல் அப்படியே வழன்று தொங்குகிறது. பாயெல்லாம் ஈரம். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஜல்லித் துண்டு புதைந்திருந்தது. அது என்றைக்குக் குத்தியது? அவள் அதைப் பிடுங்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினாள்.

வலிக்கவில்லை.

ரமாபாய் வந்து பார்த்து அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றேன். கற்றாழையும் மஞ்சளும் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆறும். ஏன் ஆறாது?

4 ஜூன்

வீச்சம் வருகிறது. சொக்கம்மாள் ஊதுவத்தி மட்டும் ஏற்றி வைத்தாள். திட்டித் தொலைத்தாலும் பரவாயில்லை.

5 ஜூன்

ரிக்‌ஷா பிடித்து சௌக்கத் அலியிடம் போனேன். புண்ணுக்கு நல்ல தைலமாகக் கேட்டேன். பாய் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கை கழுவினார். கல்லாவை இழுத்து, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இன்னா பாய் அது?"

"சுகர் மாத்திரை."

"ஊருக்கெல்லாம் ஆவாரம்பூ வித்துட்டு நீ மாத்திரை முழுங்கறியா?"

"ஆவாரம்பூவும்தான் குடிக்கறேன். என்ன நீ என்னிக்காவது கேட்டியா அண்ணே? நீயா வந்தே, நீயா சொன்னே, நீயா வாங்கிக்கினு போனே."

கட்டைப் பிரித்துப் பார்த்தார். "வலிக்குதா?"

"கொஞ்சம்கூட இல்ல."

"அதான் எனக்கு பயமா கீது" என்றார். தைலம் தர முடியாது என்றுவிட்டார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, அவரே ஆட்டோ பிடித்தார்.

6 ஜூன் — ஆஸ்பத்திரி

இந்த டாக்டர் சின்னப் பெண். இவள் காலைத் தொட்டாள். கண்ணை மூடச் சொன்னாள். காசிமேட்டில் வலை பின்னும் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைக் காட்டி, "இதால குத்தும்போதெல்லாம் சொல்லுங்க ஐயா" என்றாள்.

கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். எரிச்சலாக வந்தது. "எப்பம்மா ஆரம்பிப்ப?"

"முடிச்சிட்டேன் ஐயா."

அப்படியென்றால் ஏப்ரலில்? ஊர்வலத்தன்று? குணமானது என்று போன் போட்டு — கால் செத்துப்போனதை நான் கொண்டாடிக்கினு இருந்தேனா?

எரிஞ்சதே, அதுவரைக்கும் உயிர் இருந்துதே. லியோனார்டு, உனக்கும் இப்படித்தானாடா ஆச்சு? நான் மாத்திரையத் திட்டினேனேடா.

14 ஜூன்

இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ஒரு விரலோடு நின்றது அதிர்ஷ்டம் என்கிறார்கள். எடுத்தது அவர்கள் விரலா?

27 ஜூலை, ஞாயிறு

வீடு. காலை மாத்திரை, மாலை மாத்திரை. பாகற்காய் வேண்டாம் என்று அந்த டாக்டர் பெண் சொல்லவில்லை. "நடந்ததும் நல்லதுதான் ஐயா, அதுல உங்களுக்கு சுகர் கொறஞ்சிருக்கு. மாத்திரையோட நடங்க. செருப்போட நடங்க." நாலு மாதம் நான் சொன்னதில் பாதி சரி என்று ஒருத்தியாவது ஒத்துக்கொண்டாள். இதைச் சொக்கம்மாள் காதில் வாங்கவே இல்லை.

கட்டிலடியிலிருந்து அந்தக் கறுப்புச் செருப்பு வெளியே வந்துவிட்டது. இடது செருப்பின் ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. வீட்டுக்குள்ளும் போட வேண்டுமாம். சாயங்காலம் ஆனால் சொக்கம்மாள் கண்ணாடியோடு வந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். விரலிடுக்கு விடாமல் பார்க்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் முகத்தை இப்படிப் பார்த்திருப்பாளா?

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜல்லியை யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள். எட்டு மட்டும் இருக்கிறது. இரண்டு ஓட்டைக்குள்ளும் பட்டம்மாள் மிளகாய் காயவைத்திருக்கிறாள். சொன்னதைச் செய்துவிட்டாள்.

12 அக்டோபர், ஞாயிறு

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வலது குதிகால் ஓரத்தில் ஏதோ. எறும்போ என்று குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி வந்தது.

"எரியுது" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. "இந்தா, எரியுதுடி!"

அரிசி களைந்த கையோடு சொக்கம்மாள் ஓடி வந்தாள். தரையில் உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தினாள். "இங்கியா?"

"இல்ல. கொஞ்சம் தள்ளி."

"இங்க?"

"ஆ — அங்கதான். மெதுவா."

கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு வழக்கம்போல, "ஈரத்துணி எடுத்தாரட்டா?" என்று எழுந்தாள்.

"வேணாம்" என்றேன். "எரியட்டும்."